கல்லூரி முதல்வர்களுக்கு: அந்தச் சராசரியை வாங்குகிறவர் யார்?

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும் சேர்க்கைப் பிரிவினருக்கும்,

வணக்கம். பள்ளி இறுதி வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன் நான். ஆண்டுதோறும் தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து உங்கள் பிராஸ்பெக்டஸ்கள் என் மேசையில் குவியும். "சார், இதுல எது நல்ல காலேஜ்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வழவழப்பான தாள். முகப்பில் கட்டடம், உள்ளே சிரிக்கும் நான்கு பேர், நடுப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'அதிகபட்ச பேக்கேஜ்'. இதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன், நீங்களும் அங்கிருந்துதானே தொடங்குகிறீர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தலா 3 பங்கு சம்பளம், பத்தாவது ஆளுக்கு 33 பங்கு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6. ஆனால் அந்த 6-ஐ வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 3 என்பார். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர்கள் கோடிகளில் புரளுகிறார்கள் என்று புள்ளியியல் வகுப்புகளில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கோடி கோடியாகச் சம்பாதித்த கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் 1986-இல் அங்கே பட்டம் வாங்கியது புவியியலில்! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். அதற்காகப் பானையின் மேலே நீங்களே வைத்த முந்திரியை எடுத்துப் பதம் காட்டலாமா?

'100 விழுக்காடு பிளேஸ்மென்ட்' என்பதும் அப்படித்தான். யாரில் 100 விழுக்காடு? இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்தவர்களிலா, சேர்ந்த எல்லோரிலுமா? அரியர் வைத்தவர், மேற்படிப்புக்குப் போனவர், பாதியில் நின்றவர் எல்லோரையும் கழித்துவிட்டு மிச்சத்தில் 100 எடுப்பது பெரிய வித்தையா? கீழே பகுதி எழுதாத பின்னத்துக்கு என் வகுப்பில் மதிப்பெண் கிடையாது.

தரவரிசையைப் பாருங்கள் என்பீர்கள். பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு பிரபலத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழகம் 2022-இல் 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. வகுப்பில் எத்தனை மாணவர்கள், ஆசிரியர்களின் தகுதி என்ன என்பது போன்ற விவரங்களில் பிழை இருந்ததைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. பிழையை முதலில் வெளியே சொன்னவர் அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ். நம்ம துறைக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. கொலம்பியாவைக் குத்திக்காட்டவில்லை, அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படியென்றால் என்றுதான் சொல்கிறேன்.

பெரிய பேர் உள்ள கல்லூரி என்றாலே பெரிய சம்பளமா? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1976-இல் கல்லூரி சேர்ந்த மாணவர்களை எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களில், பேர் குறைந்த இடத்தில் சேர்ந்தவர்கள் பேர் பெற்ற இடத்தில் சேர்ந்தவர்களுக்குச் சமமாகவே பின்னாளில் சம்பாதித்தார்கள். அப்படியானால் உங்கள் சுவரில் படமாகத் தொங்கும் அந்தச் சாதனையாளர், எங்கே படித்திருந்தாலும் சாதித்திருக்கக்கூடியவர்தான். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பேர் பெற்ற கல்லூரி நிஜமாகவே கைகொடுத்தது. வசதியான வீட்டுப் பையனுக்கு மாமாவும் சித்தப்பாவும் காட்டிவிடுகிற கதவு, இவர்களுக்குக் கல்லூரியில்தான் முதன்முதலாகத் தெரிகிறது போலும். இது என் ஊகம். இதைப் படித்த பிறகு, "எங்க படிச்சா என்னப்பா" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே வாயால் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இங்கேதான் நீங்கள் கையேட்டில் 'கலை விழா' என்று ஒரு படத்தோடு முடித்துவிடுகிற விஷயம் வருகிறது. கல்லூரியில் நாலு பேரோடு பழகுவது என்றால் பெற்றோருக்குப் பயம், உங்களுக்கு ஆட்டம்பாட்டம். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி பேக்கேஜ் எண்ணை மட்டும் நம்பி ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அரையாண்டு விடுமுறையில் பார்க்க வந்தவள் பாடம் கஷ்டம் என்று சொல்லவில்லை. ஐந்து மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள், ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட். ஆய்வுக் குழு வரும் நாளில்தான் லேப் திறக்கும். வேறு துறைப் பிள்ளைகளோடு பேசினால் விசாரணை. "புரியலைன்னா யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல சார்" என்றாள். படிப்பும் பழக்கமும் இரண்டு தட்டு, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன். அவளுக்கு இரண்டும் சேர்ந்தே இறங்கின.

வேலைக்கும் இதே கதைதான். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதோ அறிமுகமானவர்கள் வழியாகத்தான் பலருக்கு வேலைச் செய்தி வந்து சேர்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதிவிட்டார். வேறு துறைக்காரனோடு பேசக்கூடாத வளாகத்தில் அந்த அறிமுகம் எங்கிருந்து வரும்?

படிப்பு பற்றி உங்களிடம் அதிகம் கேட்கப் போவதில்லை, ஒன்றே ஒன்று. 2014-இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் கேட்டன. பிற்காலத்தில் வேலையில் ஈடுபாட்டோடு இருப்பதற்கும் படித்த கல்லூரி எந்த வகை என்பதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. தன்மேல் அக்கறை காட்டி, பாடத்தில் ஆர்வம் ஊட்டி, கனவுக்குத் துணைநின்ற ஆசிரியர் கிடைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இரட்டிப்புக்கும் மேல். அப்படி மூன்றும் கிடைத்தது என்றவர்கள் 14 விழுக்காடுதான். உங்கள் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது யார்? நிரந்தர ஆசிரியரா, ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவரா? இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

அடுத்த கையேடு அச்சுக்குப் போகுமுன் அதிகபட்ச பேக்கேஜை எடுத்துவிட்டு, நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் போடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நூலகம் எத்தனை மணிவரை என்பதும் இருக்கட்டும். சேர்க்கைக்கு முன் வந்து பார்க்கும் பிள்ளைகளை இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு அரை மணி நேரம் பேச விடுங்கள். நீங்கள் பொறுக்கி அனுப்பும் மாணவர்கள் வேண்டாம், கேன்டீனில் உட்கார்ந்திருப்பவர்கள் போதும். பக்கத்தில் ஆசிரியர் யாரும் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
பதில் சொல்லத் தெரியாமல் நிற்கும் ஒரு கணக்கு ஆசிரியர்