அக்காவின் குணம் அல்ல அது

ஆசிரியருக்கு,

வணக்கம். ஹோமியோபதியின் உடல்வாகு வகைகள், கிரேக்கர்களின் நான்கு குணங்கள், நம் வாத பித்த கபம், உளவியலாளர் யுங்கின் உளவியல் வகைகள் ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையில் அடுக்கிக் காட்டிய கட்டுரையைச் சென்ற இதழில் இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால் அதில் ஒரு ஹோமியோ மருந்தின் பெயரையே ஆளுக்கும் வைக்கும் 'கல்கேரியா கார்ப்' என்ற வகையின் கட்டத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. பருமன், மந்தம், குளிர் தாங்காது, மலச்சிக்கல், எதற்கும் பயம். கிரேக்க முறையில் சளிக் குணம், நம் முறையில் கப உடம்பு என்று போட்டிருந்தது. அது அப்படியே என் அக்கா.

பத்து வருடத்துக்கு முன் அக்காவுக்கு உடம்பு ஊத ஆரம்பித்தது. சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்வாள். ஹோமியோ டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். நல்ல மனிதர். தாகம் எப்படி, முட்டை பிடிக்குமா, தூக்கத்தில் தலை வியர்க்குமா, யாராவது ஆறுதல் சொன்னால் அழுகை வருமா என்று ஒரு மணி நேரம் கேட்டுக் கேட்டு எழுதினார். அதுவரை எந்த டாக்டரும் எங்களை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "உங்க அக்கா அச்சு அசல் கல்கேரியாம்மா" என்றார்.

சீனி உருண்டைகளோடு ஒன்றரை வருடம் போனது. நாங்களும் அப்படியே பேசப் பழகிவிட்டோம். சமையல் முடிய மதியம் இரண்டு மணி ஆனால், "அவ கல்கேரியா, அப்படித்தான்." மருமகள் பெயர் நாக்கில் வராமல் தடுமாறினாலும் அதே பதில்தான்.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டில், நர்ஸாக வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண் அக்காவின் வீங்கிய முகத்தையும் கரகரத்த குரலையும் கவனித்துவிட்டு, "பெரியம்மா, தைராய்டு பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்தோம். ஐந்துக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) நூறைத் தாண்டியிருந்தது.

பருமன், மந்தம், குளிர், மலச்சிக்கல், மறதி. தைராய்டு சுரப்பு குறைந்தால் வரும் அறிகுறிகள் இவை. மனச்சோர்வு என்று முடிவுகட்டும் முன் தைராய்டைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் வருடா வருடம் சொன்னவள் நான். வீட்டில் எனக்கே தோன்றவில்லை. அவளுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் யாரும் தேடவில்லை.

கட்டுரையாளர் சொல்லும் ஒற்றுமை இல்லாமல் இல்லை. நம் கபமும் கிரேக்கர்களின் ஃப்ளெக்மாவும் சளிதான். பித்தம் இரண்டு முறையிலும் உண்டு. இரண்டிலும் அதற்குக் கோபம்தான் குணம். ஆனால் கிரேக்கர்கள் சொன்ன ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் நான்கில் காற்று கிடையாது. காற்றான நம் வாதத்துக்கு எதிரே கரும்பித்தத்தைப் போட்டது எந்தக் கணக்கில்? அவர்களுடைய ரத்தத்துக்கு நம் மூன்றில் இடமே இல்லையே. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் முதல் குறளில், வளி முதலான மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் வரும் என்கிறார். ஒரே ஆளின் உடம்பில் அளவு மாறுவதைத்தான் அவர் பேசுகிறார், ஆட்களை மூன்றாகப் பிரிக்கவில்லை.

ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன்கூட இப்படி அட்டவணை போட்டவர் அல்ல. உடல்வாகைக் கவனிக்கச் சொன்னார், உண்மைதான். ஆனால் 1810-ல் முதலில் வெளிவந்த அவருடைய 'ஆர்கனான்' என்ற நூலில் 210-ஆம் பத்தியை ஒட்டி அவர் அழுத்திச் சொல்வது மாற்றத்தை: நன்றாக இருந்தபோது பொறுமைசாலியாக இருந்தவர் நோயில் பிடிவாதக்காரராக, அவசரக்காரராக மாறுவதைப் பார் என்கிறார். கார்பானிக், பாஸ்பாரிக், ஃப்ளோரிக் என்று ஆட்களை வகை பிரித்ததெல்லாம் பிரான்சின் ஹோமியோ மருத்துவர் லியோன் வானியே போன்ற பின்வந்தவர்கள். ஆர்கனானின் ஆறாம் பதிப்பு ஹானிமன் இறந்து எழுபத்தெட்டு வருடம் கழித்து 1921-ல் அச்சானது. யுங்கின் 'உளவியல் வகைகள்' நூலும், உடலமைப்பையும் குணத்தையும் இணைத்த மனநல மருத்துவர் கிரெட்ச்மரின் நூலும் அதே வருடம்தான் வந்தன. வகை பிரிப்பதில் அந்தக் காலத்துக்கே ஓர் ஆசை இருந்தது. பிறகு ஐசங்க் என்ற உளவியலாளர் அந்தப் பழைய நான்கு குணங்களை இரண்டு அளவுகோல்களாக மாற்றினார்: ஒன்று கலகலப்பு, இன்னொன்று மனம் கலங்கும் தன்மை. அப்படி அளந்தால் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் நிற்கிறார்கள், நான்கு மூலையில் அல்ல.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30சி வீரியத்தில், அதாவது நூறில் ஒன்றாக முப்பது முறை நீர்த்தபின், மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது என்பது வேதியியல் கணக்கு. அக்காவுக்கு அந்த ஒன்றரை வருடம் கிடைத்தது ஒரு டாக்டரின் அன்பான காது மட்டும்தான். அதை நான் மதிக்கிறேன். அது எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்க வேண்டும்.

இப்போது அக்கா காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறாள். நாலைந்து மாதத்திலேயே பழைய ஆளாகத் திரும்பிவிட்டாள்: ஐந்து ரூபாய்க்காகக் கீரைக்காரம்மாவோடு வாசலில் நின்று வாதாடுகிறவள், சீரியலில் மாமியார் பேசினால் டி.வி.யைப் பார்த்துத் திட்டுகிறவள். உங்கள் அட்டவணைப்படி இது பித்தக் குணம்.

அடுத்த இதழில் 'நீங்கள் எந்த வகை?' என்ற கேள்வித்தாள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1948-ல் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரே குண வர்ணனையைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பெண் சராசரியாக ஐந்துக்கு நாலுக்கும் மேல். உங்கள் வாசகர்களுக்கும் எல்லாம் பொருந்தத்தான் செய்யும். ஆகவே கேள்வித்தாளின் தலையில் தயவுசெய்து இன்னொரு கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள்: "நீங்கள் எப்போதுமே இப்படியா, அல்லது எத்தனை மாதமாக இப்படி?" 'எத்தனை மாதமாக' என்பதற்குப் பதில் எழுதுகிறவர்கள் மேற்கொண்டு கட்டங்களை நிரப்பாமல் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியை,
திண்டுக்கல்