கத்துகிற கருவி யாரைப் பார்த்துக் கத்துகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் முப்பது வருடமாகக் கார் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். டைனமோ, செல்ஃப் மோட்டார் என்று ஆரம்பித்த கடை. இப்போது பாதி நாள் சென்சார்களோடுதான் போகிறது. சமீபத்தில் ஒரு வாடிக்கையாளரின் ரேடார் டிடெக்டர் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை உங்கள் வாசகர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கருவியால் வந்த ஆபத்திலிருந்து ஒரு குடும்பம் மயிரிழையில் தப்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

லீ பஜாரில் மஞ்சள் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர். அவருடைய மருமகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ரேடார் டிடெக்டர் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. முன் கண்ணாடியில் ஒட்டி, லைட்டர் சாக்கெட்டில் செருகிவிட்டால், வழியில் போலீஸ் வேகம் அளந்துகொண்டிருந்தால் முன்கூட்டியே கத்தும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரே வாரத்தில் அண்ணன் என்னிடம் கொண்டுவந்துவிட்டார். “தம்பி, இதுல எங்கேயோ ஷார்ட் இருக்குதுங்க. போலீசே இல்லாத இடத்துல எல்லாம் கத்துது. டவுனுக்குள்ள போனா வாயே மூட மாட்டேங்குது” என்றார்.

நானும் எர்த் லூஸாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மேசையில் வைத்து நேராக 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை. காரில் போட்டால் நிற்கிற இடத்திலேயே, போலீஸ் லேசர் ஒளியால் வேகம் அளப்பதாக அவ்வப்போது ‘லேசர்’ என்று கத்துகிறது. பார்த்தால், அதே சாக்கெட்டில் மூன்று முனை அடாப்டர். அதில் கேமராவும் ஒரு மட்டமான செல்போன் சார்ஜரும். சார்ஜரைப் பிடுங்கியதும் அந்தக் கத்தல் நின்றுவிட்டது. அது கிளப்பிய மின் இரைச்சல்தான் இதைக் குழப்பியிருக்கிறது. சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தால், டவுன் கத்தல் அப்படியே இருந்தது. அது வேறு கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினோம். ஐந்து ரோடு பக்கம் ஒரு பெரிய கடை வாசலுக்கு வந்ததும் ‘கே பேண்ட்’ என்று, அதாவது ஒரு வகை போலீஸ் ரேடார் அலை வருவதாக, கத்த ஆரம்பித்தது. ஓரங்கட்டி நிறுத்தினோம். நின்ற வண்டியிலும் நிற்காமல் கத்துகிறது. சுற்றிலும் பார்த்தேன். போலீஸ் இல்லை, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு இருந்தது. அதன் தலைக்கு மேல் ஒரு சின்னச் சென்சார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, கடை திறக்கும் முன், நான் மட்டும் அதே இடத்தில் போய் நின்றேன். ஷட்டர் இறங்கியிருந்தது. கருவி மூச்சுவிடவில்லை.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சேலம் ஜங்ஷனில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் சுருதி இறங்கிவிடும். ரேடார் அலையும் ஓடுகிற பொருளில் பட்டுத் திரும்பும்போது இப்படித்தான் மாறும். 24.15 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் (இதுதான் அந்த ‘கே பேண்ட்’) வேலை செய்யும் போலீஸ் வேகத் துப்பாக்கிக்கு, மணிக்கு 60 கிலோமீட்டரில் நேராக வரும் கார் சுமார் 2,700 ஹெர்ட்ஸ் வித்தியாசம் காட்டும். கடைக்கதவுச் சென்சார்களில் பல ஏறத்தாழ அதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. கடைக்குள் நடந்து வரும் மனிதர் அதற்கு 180 ஹெர்ட்ஸ் அளவில் வித்தியாசம் காட்டுவார், கதவு திறக்கும். இரண்டும் ஒரே ஜாதிக் கருவி. டிடெக்டருக்கு அலை வருகிறது என்பது மட்டும்தான் தெரியும், அனுப்பியவர் யார் என்பது தெரியாது. அமெரிக்காவில் போலீஸ் ரேடாருக்கு எக்ஸ், கே, கேஏ என்று மூன்று அலைவரிசைப் பட்டைகள் (பேண்ட்). இதில் எக்ஸிலும் கேயிலும்தான் கதவுகளும் மற்றவைகளும் வந்து கலக்கின்றன. 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள கேஏ பட்டையில் இந்தக் கூட்டம் குறைவு.

அப்புறம் ஏற்காடு ரோட்டைப் பிடித்தோம். கோரிமேட்டில் ஒரு புது வெள்ளைக் கார் எங்களைத் தாண்டியது. பக்கத்தில் வரும்போதே கத்தல் தொடங்கி, அது முன்னால் போகிறவரை நிற்கவில்லை. இப்போது வரும் கார்களில் பக்கவாட்டில் வண்டி வந்தால் கண்ணாடியில் விளக்கு எரிகிறதே, அதற்குப் பின் பம்பரின் இரண்டு மூலைகளிலும் ரேடார் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல 24 கிகாஹெர்ட்ஸ் ரகம். 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட்ட கார்களை இந்தப் பெட்டி கண்டுகொள்ளாது. மலையில் இன்னும் வேடிக்கை. அந்த வெள்ளைக் கார் கண்ணுக்கே தெரியவில்லை, ஆனால் கத்தல் வருகிறது. அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன்: எங்களுக்கு மேல் வளைவில் அது திரும்பிக்கொண்டிருந்தது, பின் பம்பர் எங்களைப் பார்த்தபடி. இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் இப்படி எத்தனை தடவை நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நடந்தது இறங்கும்போது. மாலை ஐந்தரை இருக்கும். சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே சாய்ந்த வெயில் விட்டுவிட்டு அடிக்கிறது. ஒரு வளைவைத் தாண்டியதும் ‘லேசர்’ என்று ஒரு கத்து. அண்ணன் பதறிப்போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துவிட்டார். பின்னால் பைக்கில் ஒரு தம்பதி, நடுவில் மூன்று வயதுக் குழந்தை. பைக்கின் முன் சக்கரம் எங்கள் பம்பரைத் தொட்டு நின்றது. அந்தத் தம்பி எப்படிப் பிடித்து நிறுத்தினார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வண்டியை ஓரமாக அகலமான இடத்தில் நிறுத்தி, கருவியின் லென்ஸ் முன்னால் உள்ளங்கையை வைத்தேன். அமைதி. கையை எடுத்தேன், இலை அசைந்து வெயில் பட்டதும் மறுபடி கத்தியது. மூன்று முறை செய்து பார்த்தேன். போலீஸ் லேசர் கருவி அனுப்புவது சுமார் 905 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதே ஒளி வெயிலிலும் இருக்கிறது. தாழ்ந்த சூரியன் நேராக அடிக்கும்போது கருவி ஏமாந்துபோகிறது. சில கார்களின் எல்இடி விளக்குகளைப் பார்த்தும் இது ஏமாறும்.

சரி, நிஜ லேசர் வந்தால் காப்பாற்றுமா என்று கேட்டால், அதுவும் இல்லை. ரேடார் அலை பரந்து சிதறுவதால் தூரத்திலேயே கொஞ்சம் காதில் விழும். லேசர் அப்படி இல்லை. 300 மீட்டர் தூரத்தில்கூட அதன் கற்றை ஒரு மீட்டர் அகலம்தான். குறிவைத்து உங்கள் நம்பர் பிளேட்டில் அடிக்கிறார்கள், ஒரு விநாடிக்குள் வேகம் பதிவாகிவிடுகிறது. கருவி கத்தும்போது வேலை முடிந்திருக்கும். நம் போலீசின் ரோந்து வண்டிகளில் லேசர் துப்பாக்கிகளும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். அதிவேகத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவில் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். அதைத் தவிர்க்க இதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து ஒரு பெட்டி வாங்கி, அதன் கத்தலுக்கு மலைப்பாதையில் பிரேக் அடிப்பதா?

இன்னொன்று. வேறொருவர் இதே போன்ற டிடெக்டர் ஒன்றைக் கொண்டுவந்தபோது, இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்து ஆன் செய்தேன். ஒன்றைப் பார்த்து ஒன்று கத்தியது. இந்தக் கருவிக்குள் அலையைப் பிடிக்க ஒரு ஆஸிலேட்டர், அதாவது தானே அலை உண்டாக்கும் சுற்று, ஓடுகிறது, அதிலிருந்து கொஞ்சம் வெளியே கசியும். இந்தக் கருவியைக் காரில் வைக்கக்கூடாது என்று தடை போட்டிருக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அந்தக் கசிவை வைத்தே இதை வைத்திருப்பவரைப் பிடிக்கும் கருவியும் போலீசிடம் உண்டு.

என் கவலை டிடெக்டரோடு நிற்கவில்லை. கத்தலுக்குப் பழகிவிட்ட காது, நல்ல கத்தலையும் கேட்காது. ஆயுதபூஜை முடிந்த மறுநாள் புதுக் கார்க்காரர் ஒருவர் வந்தார். முன்னால் வண்டி இருந்தால் எச்சரிக்கும் வசதியுள்ள கார். ‘சென்சார் மறைக்கப்பட்டுள்ளது’ என்று திரை காட்டுகிறதாம். “இந்த ரேடார் சனியனைப் பிடுங்கிப் போடுங்க, ஒயரை வெட்டிடுங்க” என்றார். முன் கிரில்லுக்கு நடுவே இருந்த ரேடார் மூடிமேல் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, குறுக்கே வாழைக்கன்றும் கட்டியிருந்தார்கள். கன்றை அவிழ்த்து, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன். செய்தி போய்விட்டது. சாமிக்குப் பொட்டு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பானட்டில் வையுங்கள். கண்ணாடிக்கு நடுவே மேலே இருக்கும் கேமராவை மறைத்து விபூதிப்பட்டை அடிக்காதீர்கள். முன்பக்கம் பம்பரைக் காக்க இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டினாலும் இந்த ரேடார் குழம்பும். ஒயரை வெட்டச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் வெட்டித் தருவதில்லை. மற்ற எலக்ட்ரீஷியன் தம்பிமாரும் வெட்டித் தர வேண்டாம் என்று இந்தக் கடிதம் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனின் பெட்டி இப்போது என் மேசை டிராயரில் கிடக்கிறது, அவர் திருப்பிக் கேட்கவில்லை. இதை வாங்க நினைப்பவர்கள், வெளிநாட்டுச் சொந்தங்களை வாங்கி வரச் சொல்லும் முன், ஒரு தடவை என் கடைக்கு வாருங்கள். பணம் வேண்டாம். பேட்டரியில் போட்டுக் காட்டி, ஐந்து ரோடு வரை ஒரு சுற்று கூட்டிப்போகிறேன். எத்தனை கதவுக்குக் கத்துகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீஷியன் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.