பேரனைத் திட்ட வேண்டாம்

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

பேரனைப் பற்றி நீ எழுதியதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவன் அக்கா காதில் பாட்டு ஓட, வாட்ஸ்அப்புக்கும் பதில் போட்டுக்கொண்டே படிக்கிறாள். அதே மாதிரி உட்கார்ந்தால் இவனுக்கு ஒரு கணக்கும் முடிவதில்லை, மருமகள் சோம்பேறி என்று திட்டுகிறாள் என்று எழுதியிருந்தாய். பாவம், திட்ட வேண்டாம் என்று சொல். அவனுக்கு 10 வயது, அவளுக்கு 22.

ஒன்றை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறுவது, மாறும்போது விட்ட இடத்தை மறக்காமல் இருப்பது, இதையெல்லாம் பெரும்பாலும் கவனிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. அது முதிர்ந்து முடிய 25 வயதை ஒட்டி ஆகிவிடும். 3 வயதுக் குழந்தையிடம் அட்டைகளை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் அழகாகப் பிரிக்கும். சரி, இனி உருவம் பார்த்துப் பிரி என்றால், புது விதியை வாய் சொல்லும், கை பழையபடி நிறத்துக்கே போகும். 5 வயதுக்குள் பெரும்பாலும் இது சரியாகிவிடும். ஆனால் விதி அடிக்கடி மாறினால் கதையே வேறு. 4 முதல் 13 வயது வரையான பிள்ளைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2006-இல் வந்தது. அதில் 13 வயதுப் பிள்ளைகள்கூடப் பெரியவர்கள் அளவுக்கு வரவில்லை.

எங்கள் தெருத் தறிக்காரர் கால் மிதிக்க, கை நாடாவை ஓட்ட, வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார். இழை அறுந்தால் போதும், பேச்சு பாதியில் நின்றுவிடும். முடிச்சுப் போட்ட பிறகுதான் மீதிக் கதை வரும். பழகிப்போன வேலைக்குக் கவனம் அவ்வளவாக வேண்டாம். பழகாததற்கு மொத்தமும் வேண்டும். உன் பேரனுக்குக் கணக்கு இன்னும் பழகாத வேலை. வாய்ப்பாட்டை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், மீதியை மனதில் பிடித்திருக்க வேண்டும், கட்டத்துக்குள் இலக்கமும் எழுத வேண்டும். நமக்கு ஒரு கணக்கு, அவனுக்கு மூன்று வேலை. அதற்கு மேல் பாட்டும் என்றால் பிள்ளை என்னதான் செய்வான்?

அப்புறம், அக்காவையும் ரொம்பப் புகழாதே. அவளும் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை, வேகமாக மாறி மாறிச் செய்கிறாள், அவ்வளவுதான். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் நேரம் போகிறது, பிழையும் கூடுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே நேரத்தில் பல திரைகளோடு புழங்கிப் பழகியவர்கள்தான் தேவையற்றதை ஒதுக்குவதில் பின்தங்கினார்கள்.

எனக்கு இதையெல்லாம் விடப் பயம் ரோடுதான். கணினியில் உருவாக்கிய செயற்கைத் தெருவில் 10, 11 வயதுப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். போனில் பேசிக்கொண்டே கடந்தபோது வண்டியைக் கவனிப்பது குறைந்தது, மோதும் நிலைக்கு அடிக்கடி போனார்கள். இங்கே ஐந்து ரோடு பக்கம் பிள்ளைகள் போனும் காதுமாகக் கடப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். கணக்குப் பிழையை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். டியூஷனுக்குப் போகும்போது போன் பைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவனிடம் நீயே சொல். நீ சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
சரோஜா