வேலைக்கான விண்ணப்பத்தில் முகவரி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் தென்புறநகர் வளர்ச்சி குறித்து வெளிவரும் செய்திகளில் அலுவலக வளாகங்களும் அடுக்ககங்களும் மெட்ரோ தூண்களும் தவறாமல் இடம்பெறுகின்றன. அதே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் கால் நூற்றாண்டாக வாழ்ந்துவரும் கண்ணகி நகர் மக்களோ, ஏதேனும் குற்றம் நடந்தால்தான் செய்திக்கு வருகிறார்கள். சோழிங்கநல்லூரில் நெடுங்காலமாக வசிப்பவள் என்ற முறையில் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும், நகருக்குள் நீர்நிலைக் கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரில் குடியேற்றப்படத் தொடங்கியதும் 2000-ஆம் ஆண்டில்தான். டைடலைத் தொடர்ந்து தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சிறுசேரி வரை வரிசைகட்டின. கண்ணகி நகரைத் தொடர்ந்து செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மறுகுடியமர்வுப் பகுதிகளாயின. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். நகரத்தில் செய்துவந்த தொழிலை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, வேலை குவிந்துகிடக்கும் சாலை வீட்டுவாசலிலேயே இருந்தும், பெரும்பாலும் கிடைத்தது துப்புரவும் காவலும் வீட்டுவேலையும்தான். முதல் தலைமுறைக்குப் படிப்பில்லை என்று காரணம் சொல்லலாம். பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு என்ன காரணம் சொல்வது?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மகன் வணிகவியலில் பட்டம் பெற்றவன். சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்துக்கான விண்ணப்பத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து நிரப்பினான். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதியவன், முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, "கண்ணகி நகர்னு போடாம, துரைப்பாக்கம்னு மட்டும் போட்டா போதுமா ஆன்ட்டி?" என்று கேட்டான். அதற்கு முந்தைய நேர்காணலில் முகவரியைப் படித்த மாத்திரத்தில் தாளை ஓரமாக வைத்துவிட்டார்களாம். உள்ளதை எழுது என்றால் வேலை போய்விடும். மறைத்து எழுது என்றால் அவன் வளர்ந்த இடம் மறைக்கப்பட வேண்டிய ஒன்று என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு நா எழவில்லை. அவன் துரைப்பாக்கம் என்றே எழுதினான்.

நிறுவனங்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. எங்களைப் போன்ற அடுக்ககங்களின் வாயிலில், வேலை முடித்துத் திரும்பும் பெண்களின் பையைத் திறந்து பார்ப்பதும், அவர்களுக்கெனத் தனி லிஃப்ட் ஒதுக்குவதும் பாதுகாப்பு என்ற பெயரில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் அதே கைகளைத்தான் வாயிலில் சந்தேகிக்கிறோம் என்பதை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

2022-இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கிறது, நல்ல முயற்சி. ஆனால் எவ்வளவு பயிற்சி பெற்றாலும், ஊர்ப்பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்துபவர்கள் இருக்கும்வரை அது நேர்காணல் அறையோடு நின்றுவிடும். ஆகவே, தேர்வு முடிந்து பணி ஆணை வழங்கும் கட்டத்தில் மட்டுமே முகவரியைக் கேட்கும் முறையை இந்தச் சாலையிலுள்ள நிறுவனங்கள் மேற்கொள்ள வேண்டும். அரசின் தொழில் பூங்காக்களில் நிலம் பெற்ற நிறுவனங்களுக்கு அரசே இதை ஒரு நிபந்தனையாக விதிக்கலாம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடுகின்றன. அந்தத் தொகையில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள மறுகுடியமர்வுப் பகுதி இளைஞர்களின் ஊதியத்துடன் கூடிய தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கினால், மரக்கன்று நடுவதைவிட அது பெரிய பணியாக இருக்கும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். 2025-இல் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்ற கார்த்திகாவை நாம் அனைவரும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே கொண்டாடினோம். அந்தச் சில நாள்களில் அந்த ஊர்ப்பெயரைச் சொல்ல அங்குள்ள யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. எங்கோ நடந்த ஒரு திருட்டுச் செய்தியின் தலைப்பில், குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதபோதும் அதே ஊர்ப்பெயரைச் சேர்க்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோழிங்கநல்லூர்.