பேர்னிலிருந்து அண்ணைக்கு: மகனின் துவக்கும் எண்ணித் தரும் ரவைகளும்

அன்புள்ள அண்ணைக்கு,

முதலில் அம்மாவுக்கு இதைச் சொல்லிவிடுங்கோ: எங்கட வீட்டில் துப்பாக்கி ரவை ஒன்றுகூட இல்லை. துவக்கு இருக்கிறது, அது உண்மை. மகன் சுவிஸ் படைச் சீருடையோடு நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு அம்மா தொலைபேசியில் அழுதது எனக்கு இன்னும் காதுக்குள்ளேயே நிற்கிறது. "எதுக்குப் பயந்து உன்னைக் கடல் கடத்தினோமோ, அதையே உன்ர பிள்ளை தோளில போட்டிருக்கிறான்" என்று கேட்டா. அம்மா கேட்டதில் பிழையே இல்லை. வெடிச்சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடியவர்கள் நாங்கள். ஆனால் இங்கே அது நடக்கிற விதம் வேறு, அதைத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னால் பயம்தான் கூடும். நீங்களும் செலவு எவ்வளவு, ரவை யார் தருவது, வீட்டுக்குக் கொண்டுவர விடுவார்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டிருந்தீர்கள். ஆறுதலாக எழுதுகிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கோ.

சுவிஸ் பிரசையாக இருக்கிற ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் படைச்சேவை கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் வைத்தியசாலை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் பொதுச்சேவை செய்யலாம், ஆனால் அது ஒன்றரை மடங்கு நீளம். மகன் யோசித்துத்தான் படையைத் தெரிந்தெடுத்தான். 18 கிழமைப் பயிற்சி முடிந்ததும் துவக்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த நாட்டு வழக்கம் அது. வீட்டில் துவக்கு வைத்திருக்கலாமா கூடாதா என்று 2011இல் சனத்திடமே வாக்கெடுப்பு வைத்தார்கள், 56 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வைத்திருக்க விருப்பமில்லாதவர்கள் படைக் களஞ்சியத்திலேயே காசில்லாமல் விட்டுவைக்கலாம். என்ர மனிசி அதைத்தான் செய்யச் சொன்னவ. அவன் கேட்கவில்லை. சரி, வளர்ந்த பிள்ளை. துவக்கின் உள்ளே ஓடுகிற இரும்புத் துண்டைக் கழற்றி, அது இல்லாமல் துவக்கு வெடிக்காது, வேறொரு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறான். மிச்சம் நிலவறைப் பெட்டகத்துக்குள். ரவையைப் பற்றிச் சொன்னால், முந்தி ஒவ்வொரு படையாளிடமும் முத்திரை வைத்த தகரப் பெட்டியில் 50 ரவை கொடுத்து வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்கள், போர் வந்தால் முகாமுக்குப் போகும் வழியில் தேவைப்படும் என்று. 2007இல் அதை நிறுத்த முடிவெடுத்துத் திருப்பி வாங்கிவிட்டார்கள். அதனால் இந்தத் தலைமுறைப் பெடியளுக்குத் துவக்கு மட்டும்தான் வீட்டில், ரவை சுடுதிடலில்.

அப்புறம் அந்தச் சுடுதிடல். எங்கட ஊரில் மாட்டுப் பண்ணைக்குப் பின்னால், காட்டோரமாக இருக்கிறது. சிவப்பு வெள்ளைக் கொடி ஏறியிருந்தால் சுடுகிறார்கள் என்று அர்த்தம், அந்தப் பக்கத்துப் பாதையால் நடக்கக் கூடாது. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதை ஊர்ச்சபை வருடத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடும். பெருநாட்களில் கிடையாது. பக்கத்து வீடுகளுக்குச் சத்தம் தொல்லை கொடுக்கக் கூடாது என்பதற்கு இங்கே தனிச் சட்டமே இருக்கிறது, அதனால் சனிக்கிழமை பின்னேரம் நேரம் முடிந்தால் முடிந்ததுதான், இன்னும் இரண்டு வெடி சுட்டுவிட்டுப் போகிறேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு நான் திடுக்கிட்டு எழும்பியதை மனிசி இப்போதும் சொல்லுவா. எந்த நேரத்தில் வெடிக்கும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்கிற வெடிச்சத்தம் எங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று அண்ணை. அந்தத் தாளை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியபிறகுதான் எனக்கு நித்திரை ஒழுங்காக வந்தது.

பயிற்சி முடித்தவர்கள் ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 31க்கு முன்னர் ஏதாவது ஒரு சுடுவோர் சங்கத்துக்குப் போய்க் கட்டாயச் சுடுதலைச் செய்து முடிக்க வேண்டும். ஒப்லிகடோரிஷ் என்று இங்கே சொல்லுவார்கள். அதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, ரவைச் செலவு அரசாங்கத்தோடு. படைத்துறை அனுப்பிய கடிதம், அதோடு வரும் ஒட்டுத்துண்டுகள், படம் போட்ட அடையாள அட்டை, சுட்ட விபரம் பதியும் புத்தகம், துவக்கு, அதைத் துடைக்கும் சாமான்கள், காதுமூடி. இவ்வளவும் கையில் இருக்க வேண்டும். போகாமல் விட்டால் பிறகு சம்பளமில்லாத ஒரு வகுப்புக்குக் கூப்பிடுவார்கள், அதற்கும் போகாவிட்டால் தண்டனை வரும்.

இந்த வருடம் நானும் கூடப் போனேன். துவக்கை வெறுமனே முதுகில் கொளுவிக்கொண்டு சைக்கிளில் வந்தவர்கள்கூட இருந்தார்கள், ரயிலிலும் இப்படிப் பார்க்கலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அதற்கும் விதி இருக்கிறது: துவக்கும் ரவையும் வேறு வேறாக இருக்க வேண்டும், ரவைக்கூட்டுக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, சுடுதிடலுக்குப் போகிற வழியில் கடைக்குப் போய்ச் சுற்றித் திரிந்துவிட்டு வருவதெல்லாம் ஆகாது. வாசலுக்கு வந்ததும் துவக்கைத் திறந்து, உள்ளே வெறுமையாக இருக்கிறது என்று காட்டித்தான் உள்ளே போக விடுகிறார்கள். ஒரு சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் எழுபது வயது மதிக்கக்கூடிய ஒரு பெரியவர். கடிதத்தை வாங்கி, ஒட்டுத்துண்டைப் புள்ளித்தாளில் ஒட்டி, 20 ரவையை எண்ணி மேசையில் வைத்தார். மகனையும் எண்ணச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படவில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே மாதிரி எண்ணி எண்ணி வைத்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கட ஊரில் ரவைக் கோதுகளைப் பிள்ளைகள் வயலுக்குள் பொறுக்கி விளையாடிய காலம் ஒன்று இருந்ததே, யார் சுட்டது, எத்தனை சுட்டது என்று யாருக்குக் கணக்கு இருந்தது?

இலக்கு 300 மீற்றர் தூரத்தில். எங்கட ஒழுங்கை முகப்பில் நின்று பிள்ளையார் கோயில் வாசலைப் பார்த்துச் சுடுகிற மாதிரி என்று அம்மாவுக்குச் சொல்லுங்கோ, தூரம் விளங்கும். பாயில் குப்புறப் படுத்துத்தான் சுட வேண்டும். துவக்கின் வாய் எப்போதும் இலக்குப் பக்கம், சுடுகிற கோட்டுக்கு வந்து கட்டளை கிடைத்தபிறகுதான் ரவை போடலாம். ஒவ்வொரு வெடியாகத்தான் சுடலாம், தொடர்வெடி இங்கே கிடையாது, துவக்கிலேயே அதைத் தடுக்கிற பூட்டு இருக்கிறது. முதலில் ஐந்து, பிறகு இன்னொரு வகை இலக்கில் ஐந்து, இவை ஆறுதலாக. அதற்குப் பிறகு 20 செக்கனில் இரண்டு, 20 செக்கனில் மூன்று, கடைசியில் 40 செக்கனில் ஐந்து. முழுப்புள்ளி 85, சித்தியடைய 42 வேண்டும், அதோடு மூன்றுக்கு மேல் இலக்குத் தவறக் கூடாது. தவறினால் அதே சங்கத்தில் இரண்டு தரம் வரைக்கும் திரும்பச் சுடலாம், ஆனால் அந்த ரவை சொந்தக் காசில். முந்தி இலக்குக்குக் கீழே குழிக்குள் ஆட்கள் இருந்து கோல் நீட்டிக் காட்டுவார்களாம், இப்போது இலக்குப் பலகையில் ஒலியைப் பிடிக்கும் கருவி இருக்கிறது, வெடித்த மறுகணமே பக்கத்துத் திரையில் புள்ளி தெரிகிறது. மகனுக்கு 64 வந்தது. கைநடுக்கம் கடைசி ஐந்தில் தெரிந்தது. முடிந்ததும் எழும்ப முதல் மேற்பார்வையாளர் குனிந்து, துவக்கில் ரவை போடுகிற அறைக்குள் விரல் விட்டுப் பார்த்துத்தான் போக விட்டார். வெற்றுக்கோதுகளைத் தூத்துக் கூட்டிப் பெட்டிக்குள் போட்டார்கள், சுடாமல் மிஞ்சுகிற ரவை ஜன்னலுக்குத் திரும்பிப் போக வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற கதையே இல்லை.

இனிக் காசு. கட்டாயச் சுடுதல் இலவசம் என்று சொன்னேன். வருடத்தில் ஒருமுறை, மே கடைசி, ஜூன் அளவில் நாடு முழுக்கப் பெல்ட்ஷீசன் என்று ஒரு விழா நடக்கும், லட்சத்துக்கு மேற்பட்ட சனம் சுடும், 18 வெடி, அதுவும் இலவசம், 10 வயதுப் பிள்ளையே மேற்பார்வையோடு சுடலாம். மற்றபடி பழகுவதற்குப் போனால் செலவுதான். சங்கத்துக்கு வருடச் சந்தா, ஊருக்கு ஊர் வேறு, எங்கட பக்கத்தில் நூறு பிராங்கை ஒட்டி வரும். போட்டிகளுக்குப் போவதென்றால் தேசியச் சங்கத்தின் அனுமதி அட்டைக்குத் தனிக் காசு. பழகும் ரவையைச் சங்கத்தின் ஜன்னலிலேயே வாங்க வேண்டும், அரசாங்கம் விலையில் ஒரு பங்கு தாங்குவதால் கடையில் வாங்குவதை விட மலிவு, ஆனால் மலிவாகத் தருவதால்தான் அதை அங்கேயே சுட்டு முடிக்க வேண்டும் என்கிற கட்டுப்பாடும். ஒரு பின்னேரத்துக்கு ஐம்பது அறுபது ரவை போய்விடும், கணக்குப் பார்த்தால் சின்னக் காசில்லை. நகரங்களில் தனியார் நிலவறைச் சுடுமிடங்கள் இருக்கின்றன, அங்கே மணித்தியாலத்துக்குக் காசு, வாடகைத் துவக்கு என்றால் அவர்கள் விற்கும் ரவையைத்தான் போட வேண்டும். அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறேன், காசு கரையும். கவசத்தைத் துளைக்கிற ரவை, எரிகிற ரவை போன்றவை யாருக்குமே கிடையாது.

சுட்ட ஈயம் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, கமக்காரன் பிள்ளை என்றபடியால்தான் அது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு, நூறு வருடமாக எல்லா ஈயமும் அந்த மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. மாடு மேய்கிற நிலம். இப்போது அந்த இடங்களை வேலி போட்டு அடைத்து, மண்ணை அகழ்ந்து சுத்தம் செய்கிறார்கள், ரவை மண்ணைத் தொடாதபடி மேட்டுக்கு முன்னால் பெட்டிகள் வைத்துப் பிடிக்கிறார்கள். பெருஞ்செலவு, சின்னச் சங்கங்கள் சில அதைத் தாங்க முடியாமல் திடலை மூடிவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்ந்துகொண்டன.

அண்ணை, ஒன்றை உங்களுக்கு மட்டும் எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் அம்மாவுக்கும் வாசியுங்கோ. நான் அன்றைக்குப் பின்னால் கட்டைச் சுவருக்கு அப்பால் காதுமூடி போட்டுக்கொண்டு பார்க்க மட்டும்தான் செய்தேன். சங்கத்துக்காரர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், நீங்களும் சுட்டுப் பார்க்கிறீர்களா என்று. முடியாது என்று சொன்னேன். என்னிடம் இருப்பது இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு. இலங்கை, துருக்கி, சேர்பியா, கொசோவோ, அல்பேனியா என்று சில நாட்டுக்காரர் இந்த நாட்டில் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது, சுடவும் கூடாது என்று சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. எத்தனை வருடம் இருந்தாலும், நிரந்தர வதிவிடம் இருந்தாலும் அப்படித்தான். போட்டி, வேட்டை போன்றவற்றுக்கு மாநிலம் விசேட அனுமதி கொடுக்கலாம், அதுவும் அருமையாக. அவருக்கே இந்த விதி தெரிந்திருக்கவில்லை, மன்னிப்புக் கேட்டார்.

எனக்குச் சுட ஆசையில்லை. ஆனால் அந்தப் பட்டியல் மனத்தைக் குத்துகிறது. அங்கே சண்டை 2009இல் முடிந்துவிட்டது, பட்டியல் முடியவில்லை. துவக்கிலிருந்து தப்பி ஓடிவந்தவர்களும் துவக்குத் தூக்க வந்தவர்களும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். ஆளை விசாரித்து ஒவ்வொருவராகத் தீர்மானிக்கலாம், அதற்கு இந்த நாட்டில் வசதியும் ஒழுங்கும் இருக்கிறது, கடவுச்சீட்டைப் பார்த்து மொத்தமாகத் தள்ளுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். அதே நேரம், நான் தொடக் கூடாத துவக்கை அரசாங்கமே என்ர பிள்ளையின் கையில் நம்பிக் கொடுத்திருக்கிறது. அவனுடைய பெயரை அந்தப் பெரியவர் எழுத்துக்கூட்டி, பிழையில்லாமல் புள்ளித்தாளில் எழுதினார். எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

சேவை முடிகிறபோது துவக்கைச் சொந்தமாக்கலாம், 100 பிராங்தான், ஆனால் கடைசி மூன்று வருடத்தில் இரண்டு கட்டாயச் சுடுதலும் இரண்டு பெல்ட்ஷீசனும் செய்திருக்க வேண்டும், பொலிஸ் தருகிற வாங்கும் அனுமதியும் வேண்டும். அவன் வாங்குவதாக இப்போது சொல்லவில்லை. வாங்கினால் தாயோடு பெரிய சண்டை வரும், அதை அப்போது பார்ப்போம்.

உங்கட பேரன் வெற்று ரவைக்கோது ஒன்று ஞாபகத்துக்கு வேண்டும் என்று குரல்பதிவு அனுப்பியிருந்தான். கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிடுங்கோ. இங்கே அது பெட்டிக்குள் போட்டுவிட்டு வருகிற சாமான், அங்கே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பையைத் திறந்தால் யார் பதில் சொல்வது? வெற்றுக்கோதுதான் என்று நான் சொல்ல, அவர்கள் கேட்பார்களா? அவனுக்குப் பெல்ட்ஷீசனில் மகன் வாங்கிய சின்னப் பதக்கம் ஒன்றை அனுப்புகிறேன், மகனே தரச் சொன்னான். மார்கழியில் வருகிற எங்கட சிநேகிதர் கையில் கொடுத்துவிடுவேன். அம்மாவின் கண் மருந்துக்கான காசு கிழமைக் கடைசியில் போடுகிறேன், கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கோ.

அன்புடன்,
உங்கட தம்பி