கூண்டு எண் என்ன, பரீட்சை மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கடலூர் துறைமுகத்தில் 2ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு இறக்கப்பட்டு 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது, புயல் மேலும் வலுவடைந்தது’ என்று தங்கள் முதல் பக்கம் சொல்கிறது. எண் கூடினால் புயலும் கூடும் என்று யார் சொன்னது?

தாங்கள் அறியாததல்ல. 1, 2 இரண்டும் தொலைதூரக் குறிகள். 1 என்றால் எங்கோ புயல் உருவாகலாம். 2 என்றால் உருவாகியேவிட்டது. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்தில்லை, கடலுக்குப் புறப்படும் கப்பல் யோசிக்கட்டும் என்பதே பொருள். 3 உள்ளூர்க் குறி. துறைமுகத்தில் பலத்த காற்று வீசக்கூடும், அவ்வளவுதான். அதற்குப் புயலே தேவையில்லை. துறைமுகத்தையே புயல் மிரட்டினால் 4.

உடன் போட்ட அட்டவணை இதைவிட மோசம். 5, 6, 7 மூன்றுக்கும் ‘கடும் ஆபத்து’, 8, 9, 10 மூன்றுக்கும் ‘மிகக் கடும் ஆபத்து’. முடிந்தது வேலை! புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போனால் 5, வலப்பக்கம் விட்டுப் போனால் 6, மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. இடது, வலது பார்ப்பது கடலை நோக்கி நின்று அல்ல. புயல் போகும் திசையை நோக்கி. மாமல்லபுரத்தில் மேற்கு நோக்கிக் கரையேறும் புயலுக்குச் சென்னை வலப்பக்கம், புதுச்சேரி இடப்பக்கம். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. ஆகவே வலப்பக்கத்தில் காற்று கடலிலிருந்து வந்து தண்ணீரை ஊருக்குள் தள்ளும், படகைக் கரையில் மோதும். இடப்பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து வீசும். கட்டு அறுந்த படகு கடலுக்குப் போகும். 7, 10 என்றால் நடுவே காற்று அடங்கி, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டியவன் அங்கேதான் படகை இழப்பான். இத்தனையையும் சொல்லும் எண்ணைத் தாங்கள் ‘கடும்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டீர்கள்.

11 ‘உச்சபட்ச ஆபத்தாம்’. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, உள்ளூர் அதிகாரியே நிலைமையைக் கணித்து ஏற்றுகிறார் என்பதற்கான குறி ஐயா அது!

போன புயலுக்குத் தங்கள் ஓவியர் கம்பத்தில் கிளிக்கூண்டைத் தொங்கவிட்டார். பகலில் ஏற்றுவது கூம்பு, உருளை வடிவங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1864 புயலுக்குப் பின் 1865இல் கல்கத்தாவில் தொடங்கிய ஏற்பாட்டுக்கு இந்த மரியாதை. ‘மணிக்கு 40 நாட்’ என்று எழுதுவதைப் பற்றியும் முன்பே இரண்டு கடிதம் போட்டாயிற்று. நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 40 நாட் என்றால் மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர். இதில் இன்னொரு ‘மணிக்கு’ எதற்கு?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை அந்த அட்டவணையைப் போடும்போது 5, 8க்கு எதிரே ‘இடது’, 6, 9க்கு எதிரே ‘வலது’ என்று சேர்த்தால் போதும். இடமில்லையென்றால் கிளிக்கூண்டை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
ராயபுரம்