பயிற்சிக்குப் பின் என்ன ஊதியம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மாணவர் சேர்க்கை தொடங்கும்போதெல்லாம், ஐ.டி.ஐ. முடித்தால் கைநிறையச் சம்பளம் என்ற பேச்சும் எழுகிறது. 71 நிலையங்கள் ரூ.2,877 கோடியில், ரோபோ, கணினி வழி இயங்கும் நவீன உற்பத்தி முறைகளைக் கற்பிக்கும் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தப்பட்டதையும், மாணவர்களுக்கு மாதம் ரூ.750 உதவித்தொகை வழங்கப்படுவதையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் பின்னர் நுழையும் பட்டறைகளில் என்ன கூலி கிடைக்கிறது, எந்தச் சூழலில் வேலை செய்கிறார்கள் என்பது பேசப்படுவதே இல்லை. வெல்டிங் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் அந்த ஒரு தொழிலை வைத்தே எழுதுகிறேன்.

திருச்சியில் கொதிகலன்கள் தயாரிக்கும் பெல் ஆலையைச் சார்ந்து துவாக்குடி வட்டாரத்தில், உருக்கை வெட்டிப் பற்றவைத்துப் பாகங்கள் செய்துதரும் பேப்ரிகேஷன் பட்டறைகள் பல வளர்ந்தன. கொதிகலனின் உயர் அழுத்தக் குழாய்களை, கொதிகலன் விதிமுறைகளின்படி தேர்வு பெற்ற வெல்டர்கள்தாம் பற்றவைக்க முடியும். குரோமியம் கலந்த சில வகை உருக்குக் குழாய்களை முதலில் 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோ படுத்தோ வேலையை முடிக்க வேண்டும். பற்றவைக்கும் இடத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயு கலைந்துவிடும் என்பதால் சித்திரை வெயிலிலும் மின்விசிறியைத் திருப்பிவைக்க முடியாது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் புதுமையான கருவி அன்று. இருந்தும் என் மாணவர்கள் பலர் அதைப் பயிற்சிக் கூடத்தோடு மறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

கூலியோ பெரும்பாலும் டன் கணக்கு அல்லது ஜாயின்ட் கணக்கு, அதாவது பற்றவைத்த இணைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு. இணைப்பைச் சோதிக்கும் எக்ஸ்ரேயில் குறை தெரிந்தால், குழாயைப் பொருத்தியவர் விட்ட இடைவெளியே அதற்குக் காரணமாக இருந்தாலும், வெல்டர்தான் கூலியில்லாமல் மறுபடி செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆர்டர் இல்லாத மாதத்தில் வருமானமும் இல்லை.

ஐ.டி.ஐ. முடித்துப் பெரிய ஆலைகளில் தொழில் பழகுநராக (அப்ரண்டிஸ்) சேருபவருக்கு 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகள் மாதம் ரூ.7,000 என்ற குறைந்தபட்ச உதவித்தொகையை வகுத்தன. தொழில் பழகுநர் சட்டத்தின்படி அவர் தொழிலாளி அல்லர் என்பதால் மற்றத் தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் அவரைத் தொடுவதில்லை. 24 மாதங்களில் 480 நாள்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்னும் நல்லதொரு சட்டத்தைத் தமிழகம் 1981ஆம் ஆண்டிலேயே இயற்றியது. ஆனால் 50 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் பட்டறைகளுக்கு அது பொருந்தாது. பெரிய இடங்களிலோ ஒப்பந்தக்காரர் மாறும்போது நாள்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்கிறார்கள் என் பழைய மாணவர்கள். இந்நிலையில் தேர்ந்த வெல்டர்கள் வளைகுடா நாடுகளுக்குச் செல்வதை நாம் எப்படிக் குறைகூற முடியும்?

ஒவ்வொரு பயிற்சி நிலையமும், படித்து வெளியேறியவர்கள் ஓராண்டுக்குப் பின் உண்மையில் வாங்கும் ஊதியத்தைத் தொழிற்பிரிவு வாரியாக வெளியிட அரசு ஆணையிட வேண்டும். வளாகத் தேர்வில் வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஜாயின்ட் கணக்கில் வேலை தருபவர்கள் கூலி விகிதத்தையும், மறுவேலைக்கான பொறுப்பு யாருடையது என்பதையும் எழுத்தில் தருவதைத் தொழிலாளர் துறை கட்டாயமாக்கட்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்கள் பட்டறைகளை ஆய்வு செய்யும்போது, புகை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், அது ஓடுகிறதா என்பதையும் வெல்டரிடமே கேட்டறிய வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி.